வளைகுடா வானத்தின் கோப்புகள் யார் கையில்?

2022 ஜனவரி 17 அன்று அபுதாபியின் முசஃபா தொழிற்பேட்டையில் எண்ணெய் லாரிகள் மூன்று வெடித்தன. ஏமனின் ஹூதிகள் நடத்திய அந்தத் தாக்குதலில் இந்தியத் தொழிலாளர்கள் இருவரும் பாகிஸ்தானியர் ஒருவரும் இறந்தார்கள். ஒரு வாரம் கழித்து, 24ஆம் தேதி, அபுதாபியை நோக்கி வந்த இரண்டு ஏவுகணைகள் வானிலேயே தடுத்து அழிக்கப்பட்டன. பார்த்தவர்கள் பலர் அதைக் கைபேசியில் பிடித்துப் பகிர்ந்தார்கள். பகிர்ந்தவர்கள் சிலரை ஐக்கிய அரபு அமீரகத்தின் பொது வழக்குத் துறை விசாரணைக்கு அழைத்தது. அதே நிகழ்வைப் பற்றி அமெரிக்க ராணுவம் வெளிப்படையாகவே பேசியது. அபுதாபியின் அல் தஃப்ரா விமானத்தளத்தில் இருந்த தன் வீரர்கள் பதுங்குமிடங்களுக்குப் போனதையும், தன்னுடைய பேட்ரியாட் ஏவுகணைகளும் சுடப்பட்டதையும் அறிவித்தது.

போர் நேரத்தில் தற்காப்புக் கருவிகள் எங்கே நிற்கின்றன என்பது படமாக வெளியே போகக் கூடாது என்ற அமீரகத்தின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. எதிரி அந்தப் படத்தை வைத்து அடுத்த குறியைத் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் அன்று வெளிப்பட்ட ஏற்றத்தாழ்வு அந்த வாரத்தோடு முடிந்துபோவதல்ல. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக வளைகுடாவின் வானத்தில் நடப்பவற்றின் எழுத்துப் பதிவு வேறு ஊர்களில்தான் இருக்கிறது. லண்டனிலும் வாஷிங்டனிலும் புதுதில்லியிலும் அந்தக் கோப்புகள் கிடக்கின்றன. அந்த வானத்தின் கீழ் வாழ்கிறவர்களுக்கு, அவர்கள் அரபுக் குடிமக்களானாலும் கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் போய் உழைக்கிறவர்களானாலும், தாங்கள் இருக்கும் நாட்டின் அரசிடம் படை விமானங்கள் பற்றிய ஒரு தாளைக் கேட்டுப் பெறும் வழி அநேகமாக இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்று பார்க்க பிரிட்டிஷ் காலத்துக்குப் போக வேண்டும். பாரசீக வளைகுடாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் கை பம்பாயிலிருந்தும் பிறகு கல்கத்தா, தில்லியிலிருந்தும் நீண்டது. 1873 வரை பம்பாய் அரசின் கீழும், அதன்பின் 1947 வரை இந்திய அரசின் கீழும் வளைகுடா ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் பிரதிநிதி இயங்கினார். அதனால் குவைத், பஹ்ரைன், மஸ்கட், ஷார்ஜா பற்றிய கடிதப் போக்குவரத்தின் ஒரு பெரும்பகுதி புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும், இந்தியா ஆபீஸ் ஆவணங்களாக லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்திலும் கிடக்கிறது. 1932 ஜூலையில் ஷார்ஜா ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் சக்கர் அல் காசிமி, இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் தம் மண்ணில் இறங்க ஒப்பந்தம் செய்தார். லண்டனிலிருந்து கராச்சிக்குப் பறக்கும் விமானங்கள் இரவு தங்கிச் செல்லக் கட்டிய கோட்டைதான் இன்று அல் மஹத்தா அருங்காட்சியகம். பயணிகள் விமானத்துக்கென்று தொடங்கிய இடத்தில் பிரிட்டிஷ் விமானப்படையும் நிலைகொண்டது. 1971 டிசம்பரில் அமீரகம் பிறந்தபோதுதான் அது கிளம்பியது.

அந்த விமானப்படைக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் ‘ஆபரேஷன்ஸ் ரெக்கார்ட் புக்’ என்ற நாட்குறிப்பைக் கட்டாயம் எழுதியாக வேண்டும். படிவம் 540இல் அன்றன்றைய நிகழ்வுச் சுருக்கம் இருக்கும். படிவம் 541இல் எந்த விமானம், யார் ஓட்டினார், எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, என்ன செய்தது என்ற விவரம் இருக்கும். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை ‘ஏர் 27’ என்ற வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. யார் வேண்டுமானாலும் போய் ஒரு வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து படிக்கலாம்.

இந்தக் கோப்புகளின் பெறுமதி ஓமனின் கதையில் தெரியும். 1957 ஜூலையில் ஓமன் உட்பகுதியில் இமாம் காலிப் அல் ஹினாயின் ஆதரவாளர்கள் சுல்தானுக்கு எதிராக எழுந்தபோது, பிரிட்டன் ஷார்ஜாவிலிருந்து வெனம் போர்விமானங்களை அனுப்பியது. முதலில் துண்டறிக்கைகள் விழுந்தன. பிறகு நிஸ்வா, இஸ்கி, தனூஃப் போன்ற இடங்களின் கோட்டைகள் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஷாக்கிள்டன் விமானங்களும் குண்டு வீசின. 1959 ஜனவரியில் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் ஜெபல் அக்தர் மலைமேல் ஏறியதோடு அந்தப் போர் முடிந்தது. தனூஃபின் இடிந்த மண்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவர்களை இடித்தது எந்த உத்தரவு, அதைப் பற்றி அதிகாரிகளுக்குள் என்ன வாதம் நடந்தது என்பதையெல்லாம் தேடும் ஓமன் ஆய்வாளர் லண்டனுக்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. அரசுக் கோப்புகளை முப்பது ஆண்டு கழித்தே திறக்கும் விதி இருந்த காலத்தில், 1957இன் கோப்புகள் 1988 முதல் திறக்கத் தொடங்கின. இப்போது அந்த விதி இருபது ஆண்டாகக் குறைந்திருக்கிறது.

பிரிட்டனைப் புகழ்ந்து முடித்துவிட முடியாது. வெளிநாட்டு உறவு கெடும் என்று சொல்லி, காலக்கெடு தாண்டிய தாள்களையும் துறைகள் தம்மிடமே வைத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது. கென்யாவின் மாவ் மாவ் போராளிகள் தொடுத்த வழக்கில்தான், முப்பத்தேழு முன்னாள் காலனிகளிலிருந்து எடுத்துவந்த சுமார் 8,800 கோப்புகளை ஹான்ஸ்லோப் பார்க்கில் பதுக்கியிருந்தது 2011இல் வெளியே வந்தது. திறந்த காப்பகம் வைத்திருக்கும் அரசும் தனக்கு வெட்கம் தரும் தாளை ஒளிக்கும். ஆனால் ஒளித்ததைக் கண்டுபிடிக்கவும் கேட்கவும் அங்கே நீதிமன்றமும் சட்டமும் இருந்தன.

வளைகுடா ஆட்சியாளர்களுக்கு இந்தக் கோப்புகளின் வலிமை தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஷார்ஜாவின் இன்றைய ஆட்சியாளர் சுல்தான் பின் முகம்மது அல் காசிமி முறையாகப் பயின்ற வரலாற்றாளர். இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தம் முன்னோர்களைக் கடற்கொள்ளையர் என்று பிரிட்டிஷார் எழுதிவைத்ததை, பிரிட்டிஷாரின் ஆவணங்களையும் பம்பாய் காப்பகத்தின் கோப்புகளையும் கொண்டே மறுத்து அவர் எழுதிய நூல் 1986இல் வந்தது. ஒரு பேரரசின் சொந்தக் கடிதங்களை அதற்கு எதிரான சாட்சியாக நிறுத்த முடியும் என்பதற்கு, வளைகுடாவிலேயே, அதுவும் அரியணையிலேயே இருக்கும் எடுத்துக்காட்டு இது. கத்தார் அதே பிரிட்டிஷ் நூலகத்துடன் சேர்ந்து 2014இல் கத்தார் டிஜிட்டல் நூலகத்தைத் திறந்து, இந்தியா ஆபீஸ் கோப்புகளைப் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றிவைத்தது. அமீரகத்தின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் 1968இல் ஷேக் சாயித் ஏற்படுத்திய சிறு ஆவண அலுவலகத்திலிருந்து வளர்ந்தது. அதுவும் பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தின் வளைகுடாக் கோப்புகளை அரேபிய வளைகுடா டிஜிட்டல் காப்பகம் என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. இந்த வேலைகளை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மதுரையில் உட்கார்ந்து 1930களின் ஷார்ஜா விமானத்தளக் கடிதத்தைப் படிக்க முடிவது பெரிய கொடை. ஆனால் இந்த இரண்டு காப்பகங்களிலும் பெரும்பாலும் இருப்பவை அயலார் எழுதிய, 1971க்கு முந்தைய தாள்கள். சுதந்திர வளைகுடா அரசுகள் தங்கள் விமானப்படைகளைப் பற்றித் தாங்களே எழுதியவை அங்கே இல்லை.

பிரிட்டிஷார் கிளம்பிய இடத்தில் அமெரிக்கர்கள் வந்தார்கள். 1991 ஜனவரி 17 முதல் பிப்ரவரி 28 வரை நடந்த வளைகுடாப் போரின் வான்தாக்குதலை ரியாத்திலிருந்து அவர்கள் இயக்கினார்கள். போர் முடிந்ததும் அமெரிக்க விமானப்படைச் செயலர், பேராசிரியர் எலியட் கோஹன் தலைமையில் ஒரு தனிக்குழுவை அமைத்தார். வளைகுடாப் போர் வான்வலு ஆய்வு என்ற அந்த அறிக்கை 1993இல் ஐந்து தொகுதிகளாக வந்தது. எத்தனை முறை பறந்தார்கள், எதைத் தாக்கினார்கள், எங்கே தங்கள் கணிப்பு பிசகியது என்பதையெல்லாம் ஓர் அரசு தன்னைத்தானே விசாரித்து அச்சிட்டது. சில பகுதிகள் ரகசியமாகவே நிறுத்திவைக்கப்பட்டன. என்றாலும், அந்தப் போரில் பங்கெடுத்த வளைகுடா நாடுகள் எதிலிருந்தும் இதற்கு இணையான ஒரு பொது அறிக்கை வந்ததில்லை.

அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டம் 1966இல் கையெழுத்தானது. அதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அந்தச் சட்டப்படி விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. பிரிட்டனின் சட்டமும் அப்படித்தான். முசஃபாவில் வெல்டராக இருக்கும் ஒருவர் தன் தலைக்கு மேல் பறந்த விமானத்தைப் பற்றி வாஷிங்டனிடமும் லண்டனிடமும் சட்டப்படி கேட்கலாம். பதில் வருமா, எப்போது வரும் என்பது வேறு கதை. கேட்கும் உரிமை இருக்கிறது.

அந்த உரிமையைப் பிடிவாதமாகப் பயன்படுத்தியதால் கிடைத்தது என்ன என்பதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு அஸ்மத் கான் என்ற பத்திரிகையாளரின் வேலை. ஈராக், சிரியாவில் ஐஎஸ் இயக்கத்துக்கு எதிராக அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை நடத்திய வான்தாக்குதல்களை இயக்கியது கத்தாரின் அல் உதெய்த் தளத்தில் உள்ள கூட்டு வான் நடவடிக்கை மையம். அஸ்மத் கானும் சக பத்திரிகையாளர் ஆனந்த் கோபாலும் ஈராக்கில் குண்டு விழுந்த இடங்களுக்கு நேரில் போய் விசாரித்து 2017இல் எழுதினார்கள். அந்தக் கட்டுரையின் நடுவில் இருந்தவர் மோசுலைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர். அவர் வீட்டை ஐஎஸ் இயக்கத்தின் கார் வெடிகுண்டுக் கூடம் என்று நினைத்துக் கூட்டுப்படை குண்டு வீசியிருந்தது. மனைவியும் மகளும் இறந்தார்கள். வீடு நொறுங்கும் காட்சியைக் கூட்டுப்படையே யூடியூபில் வெற்றிக் காட்சியாக ஏற்றியிருந்தது. பிறகு தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மனுக்களும் வழக்குகளும் போட்டு, பொதுமக்கள் இறப்பு குறித்த 1,300க்கும் மேற்பட்ட ரகசிய மதிப்பீட்டு அறிக்கைகளை நியூயார்க் டைம்ஸ் பெற்றது. 2021 டிசம்பரில் அவை வெளியாயின. அந்த அறிக்கைகளில் ஒருவரைக்கூடத் தவறிழைத்தவர் என்று காணவில்லை. இழப்பீடு தந்த நேர்வுகள் ஒரு டஜனைத் தாண்டவில்லை. இறந்தவர்களின் உறவினர்கள் பலருக்குத் தங்கள் வீட்டின் மேல் குண்டு ஏன் விழுந்தது என்று தெரிந்ததே அந்தத் தாள்கள் வந்த பிறகுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது. 2003இல் ஈராக்கில் ஏ-10 விமானங்கள் யுரேனியம் கலந்த குண்டுகளை எங்கெங்கே சுட்டன என்ற இடக்குறிப்புகளை, தகவல் சுதந்திர மனு ஒன்றின் வழியே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் பெற்றது. 2016இல் நெதர்லாந்தின் பாக்ஸ் என்ற அமைப்பு அதை ஆராய்ந்து வெளியிட்டது. எந்த வயலில், எந்தத் தெருவோரத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது என்று சொல்ல அந்தப் பட்டியல் தேவை. பதின்மூன்று ஆண்டுகள் அது ஒரு கோப்புக்குள் கிடந்தது.

ஆனால் வாஷிங்டனின் கதவும் ஓரிடத்தில் மூடிக்கொள்ளும், அந்த இடம் வளைகுடாதான். அமெரிக்க ரகசிய ஆவண உத்தரவு, வெளிநாட்டு அரசு தந்த தகவலையும் வெளியுறவைப் பாதிக்கும் தகவலையும் தனியே ரகசியமாக்க இடம் தருகிறது. அதனால்தான் அமெரிக்க விமானப்படை நெடுங்காலம் அல் தஃப்ரா என்ற பெயரையே சொல்லாமல் ‘தென்மேற்கு ஆசியாவில் வெளியிடப்படாத இடம்’ என்று எழுதிவந்தது. விருந்தினர் நாடு திறந்த சட்டம் வைத்திருந்தாலும், வீட்டுக்காரரின் மௌனம் அந்தக் கோப்போடு சேர்ந்தே பயணிக்கிறது.

ஏமன் போரில் நிலைமை இதைவிட மோசம். 2015 மார்ச் 26 அன்று சவூதி தலைமையில் தொடங்கிய வான்தாக்குதலில் அமீரகமும் முக்கியப் பங்கு வகித்தது. 2016 அக்டோபர் 8 அன்று சனாவில் ஓர் இறுதிச்சடங்கு மண்டபத்தில் விழுந்த குண்டுகளால் சுமார் 140 பேர் இறந்தார்கள். 2018 ஆகஸ்ட் 9 அன்று தஹ்யானில் பள்ளிக் குழந்தைகள் சென்ற பேருந்து தாக்கப்பட்டதில் நாற்பது குழந்தைகள் இறந்தார்கள். இத்தகைய சம்பவங்களை ஆராய கூட்டுச் சம்பவ மதிப்பீட்டுக் குழு ஒன்றை ரியாத்தில் அமைத்தார்கள். இந்த இரண்டிலும் தவறு நடந்ததை அந்தக் குழு ஒப்புக்கொண்டது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்தக் குழு தருவது பத்திரிகையாளர் கூட்டத்தில் வாசிக்கும் ஒரு முடிவுரை மட்டுமே. விமானத்தின் பறப்புப் பதிவும், இலக்குக் கோப்பும், விமானியின் காணொளியும் வெளியே வருவதில்லை. ஏமன் போரை விசாரிக்க ஐநா மனித உரிமைக் கவுன்சில் நியமித்த நிபுணர் குழுவின் பதவிக்காலத்தை நீட்டிக்கும் தீர்மானமும் 2021 அக்டோபரில் வாக்கெடுப்பில் தோற்றது.

அப்போதும் சில உண்மைகள் வெளியே கசிந்தன, அவை வந்த வழிதான் வியப்பு. ஏமனில் குண்டு வீசிய விமானங்களுக்கு அமெரிக்க டேங்கர்கள் நடுவானில் எரிபொருள் ஊற்றின. 2018 நவம்பரில் அது நின்றது. அடுத்த மாதம், அந்த எண்ணெய்க்குச் சவூதியிடமும் அமீரகத்திடமும் சரியாகக் கணக்குப் போட்டு வசூலிக்கவில்லை என்று பென்டகன் ஒப்புக்கொண்டது. எரிபொருளுக்கு 3.68 கோடி டாலர், டேங்கர்கள் பறந்த நேரத்துக்கு 29.43 கோடி டாலர். ஒரு செனட்டரின் கேள்வியும் ஒரு பத்திரிகையின் விடாமுயற்சியும் எரிபொருள் பில்லிலிருந்து ஒரு போரின் அளவைக் காட்டின. 2022 ஜூனில் அமெரிக்கக் கணக்குத் தணிக்கை அலுவலகம் இன்னொன்றைச் சொன்னது. 2015 முதல் 2021 வரை இந்த இரு நாடுகளுக்கும் 5,460 கோடி டாலருக்குக் குறையாத ராணுவ உதவி போயிருக்கிறது. அந்த ஆயுதங்கள் பொதுமக்கள் மேல் தவறாகப் பயன்பட்டனவா என்று விசாரித்ததற்கான சான்றை அமெரிக்கத் துறைகளால் காட்ட முடியவில்லை. பிரிட்டனில் ஆயுத ஏற்றுமதிக்கு எதிராக நடந்த வழக்கில், ஏமன் தாக்குதல்கள் பற்றிய குற்றச்சாட்டுகளைப் பாதுகாப்பு அமைச்சகமே பட்டியலிட்டு வைத்திருப்பது பேசுபொருளானது. அந்தப் பட்டியல் 500ஐத் தாண்டியது. ஏமனியர்களின் இறப்புக் கணக்கு அபுதாபியிலோ ரியாத்திலோ கேட்டால் கிடைக்காது, ஆயுதம் விற்றவர்களின் கணக்குப் புத்தகத்தில் கிடைக்கிறது.

சட்டங்களின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரபு நாடுகளில் ஜோர்டான் 2007இலேயே தகவல் பெறும் சட்டம் இயற்றியது. வளைகுடாவில் குவைத் 2020இல் 12ஆம் எண் சட்டத்தையும், கத்தார் 2022இல் 9ஆம் எண் சட்டத்தையும் கொண்டுவந்தன. இரண்டும் தேசப் பாதுகாப்புக்கு அகலமான விலக்குத் தருவதால் படைக்கோப்புகள் அநேகமாக வெளியேதான் நிற்கும். ஆனாலும் கேட்பது ஓர் உரிமை என்பதை எழுத்தில் ஏற்றுக்கொண்டதே ஒரு படி. அமீரகத்தில் ஆவணக் காப்பகத்துக்கு 2008இன் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது, தகவல் கேட்கும் பொதுச் சட்டம் இல்லை. இன்னொரு பக்கம், 2021இன் வதந்தி மற்றும் இணையக் குற்றச் சட்டம் தகவல் பரப்புவோரைக் கடுமையாகக் கட்டுகிறது. 2015இல் ஃபுஜைரா விமான நிலையம் அருகே விமானங்களின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பொழுதுபோக்கு ஆர்வலர்கள் மூவர் சுமார் இரண்டு மாதம் சிறையில் இருந்தார்கள்.

ஆவணம் வெளியிடும் திறமை அமீரகத்துக்கு இல்லையா? நிச்சயம் உண்டு. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து 300 பேருடன் துபாயில் இறங்கிய எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. பயணிகள் அனைவரும் தப்பினார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர்கொடுத்தார். அமீரகத்தின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் 2020 பிப்ரவரியில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. விமானிகள் எந்த நொடியில் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதுவரை அதில் இருக்கிறது. அப்படி வெளியிட வேண்டும் என்று சர்வதேச விதி எதிர்பார்ப்பதால் வந்தது அது. ஆனால் அந்த விதிக்கு அடிப்படையான 1944இன் சிகாகோ உடன்படிக்கை மூன்றாம் பிரிவிலேயே படை, சுங்கம், காவல் விமானங்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. அதே ஓடுபாதையில் ஒரு போர்விமானம் விழுந்திருந்தால் உலகத்துக்கு எதையும் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

இங்கே நம் வீட்டையும் பார்க்காமல் வளைகுடாவை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்படப் பதினான்கு உயிர்கள் போயின. விமானப்படை முதற்கட்ட முடிவைச் சில பத்திகளில் சொன்னது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கையின் அட்டவணை ஒன்றில் காரணம் ‘மனிதத் தவறு’ என்று பதிவாகியிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் இந்தியாவின் தேஜஸ் போர்விமானம் விழுந்து, சூலூர் தளத்தைச் சேர்ந்த விமானி இறந்தார். விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது. அமெரிக்க விமானப்படை இத்தகைய விபத்துகளில் இரண்டு விசாரணை நடத்துகிறது. ஒன்று பாதுகாப்புப் பாடத்துக்காக ரகசியமாக, மற்றொன்று குடும்பத்துக்கும் பொதுமக்களுக்கும் திறந்ததாக. இந்தப் பிரிப்பு நமக்கும் வளைகுடாவுக்கும் உடனே ஏற்கத்தக்கது. எந்த ரகசியமும் இதனால் சிதறப்போவதில்லை.

பொதுவாக, நாளைய திட்டம், ரேடாரின் வீச்சு, ஆயுதக் கையிருப்பு ஆகியவை மூடியிருக்கட்டும். யார் இறந்தார்கள், எங்கே குண்டு விழுந்தது, எந்த நிலம் நஞ்சானது என்பவை மூடியிருக்கக் கூடாது. தேசப் பாதுகாப்பும் தகவல் உரிமையும் பற்றி 2013இல் வெளியான ட்ஷ்வானே நெறிகளும் இந்தக் கோட்டைத்தான் போடுகின்றன: மனித உரிமையும் போர்ச் சட்டமும் கடுமையாக மீறப்பட்ட தகவலைத் தேசப் பாதுகாப்பின் பெயரால் மறைக்கக் கூடாது. மறைத்து வைப்பதும் இப்போது முன்போல் நடக்கிற காரியமாக இல்லை. 2025 ஜூன் 23 அன்று ஈரான் அல் உதெய்த் தளத்தின் மேல் ஏவுகணை வீசியது. தகவல்தொடர்புக் கருவியை மூடியிருந்த வெண்ணிறக் குவிமாடம் ஒன்று காணாமல் போனதை அடுத்த மாதம் வணிகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஓர் ஏவுகணை விழுந்ததை அதன் பிறகே பென்டகன் ஒப்புக்கொண்டது. அரசு சொல்லாத இடத்தை வேறு எவரோ நிரப்புகிறார்கள், சில நேரம் தவறாகவும் நிரப்புகிறார்கள்.

வளைகுடாத் தமிழர் கையில் இன்றே இருக்கும் ஒரு கருவி இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. இந்தியாவிலேயே முதலில், 1997இல், இப்படிப்பட்ட சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. துபாயிலோ குவைத்திலோ இருக்கும் இந்தியக் குடிமகன் இணையவழி அஞ்சல் ஆணையில் கட்டணம் செலுத்தித் தூதரகத்திடமே மனு போடலாம். இலங்கைக் குடிமக்களுக்கு அவர்களின் 2016 சட்டம் உண்டு. இந்தியச் சட்டத்தில் பாதுகாப்புக்கான 8(1)(அ) பிரிவும், வெளிநாட்டு அரசிடம் நம்பிக்கையில் பெற்ற தகவலுக்கான விலக்கும் குறுக்கே வரும். அதே சட்டத்தின் 8(2) பிரிவு, பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிறது. கேட்கத்தக்கவை நிறைய உண்டு: 1990இல் குவைத்திலிருந்து சுமார் 1,70,000 இந்தியர்களை அம்மான் வழியாக மீட்ட விமானங்களின் கோப்புகள், 2022இல் முசஃபாவில் இறந்த இந்தியர்கள் குறித்துத் தூதரகத்துக்குக் கிடைத்த தகவல், ஏவுகணை வரும் நாளில் இந்தியத் தொழிலாளர்களுக்கென்று தூதரகம் வைத்திருக்கும் திட்டம். 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்த கொள்கை, ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டில் ரகசிய நீக்கம் செய்ய வேண்டும் என்கிறது. 1990க்கு அந்தக் கெடு 2015லேயே கடந்துவிட்டது.